டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர்: காரை எந்த ஊரில் எடுப்பது?

வடக்கே போகிற நம்மூர்க் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் திட்டம் போடுகின்றன. டெல்லியில் போய் இறங்குவது, அங்கேயே ஒரு காரைப் பேசுவது, ஆக்ராவையும் ஜெய்ப்பூரையும் சுற்றிவிட்டு அதே காரில் டெல்லிக்குத் திரும்புவது. ஐந்து நாள், ஒரே வண்டி, ஒரே டிரைவர். கேட்கவே நிம்மதியாக இருக்கும். முதல் தடவை அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு நானும் அப்படித்தான் போனேன். அடுத்த தடவை மனைவி, மகளோடு போனபோது காரை நடுவில் ஒரு நாளுக்கு மட்டும் எடுத்தேன்.

இரண்டையும் செய்து பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான். கார் உண்மையிலேயே தேவைப்படுவது ஆக்ராவுக்கும் ஜெய்ப்பூருக்கும் நடுவில். அந்த ஒரு வழியில் மட்டும்தான் நகரங்களில் பார்ப்பதற்கு ஈடாகச் சாலையோரத்திலும் பார்க்க இருக்கிறது. இந்த முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களில் ரயிலோ பஸ்ஸோ போதும். ஆனால் கூட வருகிறவர்களின் வயதையும் எண்ணிக்கையையும் பொறுத்து இந்த முடிவு மாறும்.

முதலில் பணக் கணக்கு

மூன்று பக்கமும் ஏறக்குறைய ஒரே நீளம். டெல்லியிலிருந்து ஆக்ரா 230 கி.மீ., ஆக்ராவிலிருந்து ஜெய்ப்பூர் 240 கி.மீ., ஜெய்ப்பூரிலிருந்து டெல்லி 270 அல்லது 280 கி.மீ. மொத்தம் 750 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் சுற்றுவதற்கு இன்னும் 150 சேர்த்தால் 900.

வெளியூர் வாடகைக்கு நம்மூரைப் போலவே அங்கேயும் ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று மினிமம் வைப்பார்கள். வழக்கமாக அது 250. ஐந்து நாளுக்கு 1,250 கி.மீ. நீங்கள் ஓடியது 900 என்றாலும் பில் 1,250-க்குத்தான் வரும். ஒரு பேச்சுக்குக் கிலோமீட்டருக்கு 13 ரூபாய் என்றால், ஓடாத 350 கிலோமீட்டருக்கு மட்டும் 4,550 ரூபாய். தாஜ்மஹால் பார்க்கிற நாளில் வண்டி ஓட்டல் வாசலில் சும்மாதான் நிற்கும், அன்றைக்கும் 250 கி.மீ. ஏறும். போதாததற்கு, தாஜைச் சுற்றி 500 மீட்டருக்குள் பெட்ரோல், டீசல் வண்டிகளை விடுவதில்லை. கிழக்கு வாசல் பக்கம் ஷில்ப்கிராம் பார்க்கிங்கில் காரை விட்டுவிட்டு பேட்டரி வண்டியிலோ நடந்தோதான் போக வேண்டும்.

டிரைவர் பேட்டா, இரவு பேட்டா, டோல், பார்க்கிங், ஸ்டேட் டாக்ஸ் எல்லாம் தனி. இதில் ஸ்டேட் டாக்ஸைத்தான் பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். டெல்லி வண்டி உத்தரப் பிரதேசத்துக்குள் நுழைந்தால் ஒன்று, ராஜஸ்தானுக்குள் நுழைந்தால் இன்னொன்று என்று கடைசி நாள் பில்லில் வந்து உட்காரும். பேசும்போதே "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்பி ஒரு தடவை ஏமாந்தவன் சொல்கிறேன்.

இதற்கு மாற்று, ஒரு வழி டாக்ஸி. ஆக்ராவில் ஏறி ஜெய்ப்பூரில் இறங்கிவிடுவது. வண்டி காலியாகத் திரும்புவதற்கும் சேர்த்துக் கேட்பார்கள் என்று பயப்படுவோம். ஆனால் இது ஓட்டம் அதிகமுள்ள வழி, அந்தப் பக்கமிருந்து சவாரி கிடைத்துவிடும். அதனால் ஒரு வழி வாடகை நியாயமாகவே படிகிறது. இடையில் எங்கெங்கே நிறுத்துவீர்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் ஏறிவிட்டு, "பையா, ஆபாநேரி போகலாம்" என்று நடுவழியில் ஆரம்பித்தால் பேரமும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

டெல்லியிலிருந்து ஆக்ரா

இந்தப் பக்கத்துக்கு மூன்று வழி: யமுனா எக்ஸ்பிரஸ்வே, மதுரா வழியாகப் போகும் பழைய ரோடு, ரயில்.

யமுனா எக்ஸ்பிரஸ்வே 2012 ஆகஸ்டில் திறந்தது. கிரேட்டர் நொய்டாவில் தொடங்கி ஆக்ரா வரை 165 கி.மீ., ஆறு தடம், முழுக்க கான்கிரீட். 2015 மே மாதம் விமானப்படை ஒரு மிராஜ் போர் விமானத்தை மதுரா அருகே இதில் இறக்கிச் சோதித்தது. அவ்வளவு நேர் சாலை. கார்களுக்கு 100 கி.மீ. வேக வரம்பு. ஜேவர், மதுரா, ஆக்ரா என மூன்று டோல். டெல்லிக்குள் சிக்காமல் கிளம்பினால் மூன்றரை மணி நேரத்தில் ஆக்ரா. ஆனால் டெல்லியை விட்டு வெளியே வருவதற்கே ஒரு மணி நேரம் போய்விடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இதன் குறை இதன் நேர்த்திதான். இரண்டு பக்கமும் வயல், தூரத்தில் செங்கல் சூளைப் புகைபோக்கி, மறுபடி வயல். ஒரு மணி நேரம் கழித்து டிரைவருக்குக் கண் சொக்கும். வெயில் காலத்தில் சூடேறிய கான்கிரீட்டில் தேய்ந்த டயர் வெடிப்பதும் இந்தச் சாலையில் தெரிந்த விஷயம். வண்டி எடுப்பதற்கு முன் டயரையும் ஸ்டெப்னியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். டிரைவர் முறைத்தாலும் பரவாயில்லை.

பழைய ரோடு 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. பரிதாபாத், பல்வல், ஹோடல், கோசி, மதுரா வழி. லாரி, டிராக்டர், எதிர்த் திசையில் சாவகாசமாக வரும் பைக் எல்லாம் உண்டு, நேரமும் கூடுதலாகும். ஆனால் முகலாயர் காலத்து டெல்லி–ஆக்ரா ராஜபாட்டை இந்தப் பக்கம்தான் போயிற்று. கோஸ் என்னும் தூரத்துக்கு ஒன்றாக, ஏறக்குறைய 3 கிலோமீட்டருக்கு ஒரு தூண் நட்டிருந்தார்கள். கோஸ் மினார் என்று பெயர். கீழே எண்கோணமாகவும் மேலே போகப் போகக் கூம்பியும் இருக்கும் செங்கல் தூண். அவற்றில் சில பரிதாபாத், பல்வல் பக்கம் இன்னும் நிற்கின்றன, டெல்லி மிருகக்காட்சி சாலைக்குள்கூட ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்து மைல் கல்லைத் தேடிக்கொண்டே போவது என் மாதிரி ஆட்களுக்குச் சந்தோஷம். என் மகளுக்கு இரண்டாவது தூணிலேயே அலுத்துவிடும்.

எந்த வழியில் வருகிறீர்களோ, அதைப் பொறுத்து ஆக்ராவில் முதலில் எதிர்ப்படுவதும் மாறும். பழைய ரோட்டில் வந்தால் ஊருக்கு முன்னாலேயே சிக்கந்தரா, அக்பரின் சமாதி. எக்ஸ்பிரஸ்வேயில் வந்தால் யமுனையின் கிழக்குக் கரையில் வந்து சேர்வீர்கள். நூர்ஜஹான் தன் தகப்பனாருக்குக் கட்டிய இத்மத்-உத்-தௌலா அந்தக் கரையில்தான் இருக்கிறது. தாஜுக்கு நேர் எதிரே உள்ள மெஹ்தாப் பாக் தோட்டமும் அங்கேதான். சாயங்காலம் நாலு மணிக்கு ஆக்ராவை நெருங்கினால் ஓட்டலுக்குப் போகாதீர்கள். நேராக மெஹ்தாப் பாக் போய் ஆற்றுக்கு அப்பால் வெயில் இறங்குவதைப் பார்த்துவிட்டு, அப்புறம் அறைக்குப் போகலாம். தாஜ் வளாகத்துக்குள் முண்டியடிப்பதை விட இந்தக் காட்சிதான் என் அம்மாவுக்கு மனதில் நின்றது.

மூன்றாவது ரயில். ஹஸ்ரத் நிஜாமுதீனில் காலையில் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ் 2016 ஏப்ரலில் ஓடத் தொடங்கியபோது 160 கி.மீ. வேகத்தில் போகும் நாட்டின் முதல் ரயில். ஆக்ரா கன்டோன்மென்ட்டுக்கு 100 நிமிடம். எந்தக் காரும் இதன் பக்கத்தில் வர முடியாது. டெல்லி–ஆக்ரா பக்கத்தில் எதிலும் நிறுத்தப் போவதில்லை என்றால், பேச்சே வேண்டாம், ரயில்தான்.

நிறுத்துவதாக இருந்தால் ஒரே ஒரு ஊருக்காகக் காரை நியாயப்படுத்தலாம். அது விருந்தாவனம். ஆண்டாள் பாடிய விருந்தாவனத்தில் ஆண்டாளுக்கே ஒரு கோயில் இருக்கிறது. ரங்க்ஜி மந்திர் என்பார்கள். மதுராவின் சேட் குடும்பத்தார் 1851-இல் கட்டி முடித்தது. ராஜஸ்தானிப் பாணியில் ஒரு நுழைவாயில், அதைத் தாண்டினால் நம்மூர்க் கோபுரம், தங்க முலாம் பூசிய கொடிமரம், உள்ளே ஸ்ரீவில்லிபுத்தூர் முறையில் ரங்கமன்னாரோடு ஆண்டாள். சுற்றிலும் "ராதே ராதே" கேட்டுக்கொண்டிருக்க, இங்கே தென்கலை நாமம் போட்ட அர்ச்சகர் நிற்பார். அப்பா அப்படியே நின்றுவிட்டார். மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுவது நல்லது. எக்ஸ்பிரஸ்வேயிலிருந்து இறங்கிப் போகச் சுலபம்தான். சனி, ஞாயிறில் மட்டும் ஊருக்குள் கார் நகராது. வெளியே நிறுத்திவிட்டு இ-ரிக்‌ஷா பிடிக்க வேண்டும்.

கண்ணாடி போட்டவர்கள் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாவனக் குரங்குகள் மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு கூரையில் உட்காரும். ஒரு ஃப்ரூட்டி பாக்கெட்டைத் தூக்கிப் போட்டால் கண்ணாடியைக் கீழே விடும். அப்பாவின் கண்ணாடி அப்படித்தான் திரும்பி வந்தது, ஒரு காது மட்டும் வளைந்திருந்தது.

ஆக்ராவிலிருந்து ஜெய்ப்பூர்

இந்தப் பக்கத்துக்கும் ரயில் உண்டு, ஆக்ரா கோட்டை ஸ்டேஷனிலிருந்து பரத்பூர், பாந்திகுயி வழியாகப் போகும். பஸ் உண்டு, ஈத்கா பஸ் ஸ்டாண்டில் ஏறினால் ஜெய்ப்பூர் சிந்தி கேம்ப்பில் இறக்கிவிடும். ரயிலுக்கு நாலு மணி நேரம் போல, பஸ்ஸுக்கு ஐந்து அல்லது அதற்கும் மேல். காரில் நிற்காமல் போனாலும் நாலரை மணி நேரத்துக்குக் குறையாது. நேரத்தை மட்டும் பார்த்தால் கார் எடுப்பதற்குக் காரணமே இல்லை.

ஆனால் நிற்காமல் போவது இந்த 21-ஆம் எண் நெடுஞ்சாலையில் பாவம். ஆக்ராவிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் ஃபதேபூர் சிக்ரி, அங்கிருந்து அரை மணியில் பரத்பூர், அப்புறம் மஹுவா, சிக்கந்தரா, தௌசா. ஒவ்வொன்றும் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இந்த வழிக்குப் பழைய பெருமையும் உண்டு. மகன் சலீம் பிறந்ததற்கு நன்றிக்கடனாக 1570-இல் அக்பர் ஆக்ராவிலிருந்து அஜ்மீர் தர்கா வரை நடந்தே போனார். அஜ்மீர் வழியிலும் கோஸ் மினார்கள் நட்டிருந்தார்கள். பேரரசர் கால்நடையாகப் போன வழியில் நாம் ஏசி காரில் போய்க்கொண்டே டோலைத் திட்டுகிறோம்.

ஃபதேபூர் சிக்ரியை ஆக்ராவிலிருந்து தனியாக அரை நாள் போய்வருகிறவர்கள் பலர். ஜெய்ப்பூர் போவதாக இருந்தால் அது வீண் அலைச்சல். போகிற வழியிலேயே இருக்கிறது. 1571 வாக்கில் கட்டத் தொடங்கி, 1585-இல் அக்பர் லாகூர் பக்கம் போனபின் கைவிடப்பட்ட தலைநகரம். தண்ணீர்ப் பஞ்சம்தான் காரணம் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். வடமேற்கு எல்லைத் தலைவலியும் சேர்ந்ததுதான் காரணம் என்பது என் எண்ணம். 54 மீட்டர் உயரமுள்ள புலந்த் தர்வாஸாவுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். செந்நிறக் கல்லின் நடுவே சூஃபி ஞானி சலீம் சிஷ்தியின் வெள்ளைப் பளிங்குச் சமாதி மட்டும் தனித்து நிற்கும். அதன் ஜாலி (கல்லில் வலை போலச் செதுக்கியது) ஜன்னல் துளைகளில் வேண்டுதல் கயிறு கட்டியிருப்பார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. காரைப் பார்க்கிங்கில் விட்டதுமே ஆட்கள் சூழ்ந்துகொள்வார்கள். ஆக்ரா பக்கம் இவர்களை லப்கா என்பார்கள். நான் கைடு, என்னிடம் அட்டை இருக்கிறது, சாதர் (சமாதி மேல் போர்த்தும் துணி) வாங்கினால்தான் தர்காவுக்குள் விடுவார்கள் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். சாதர் வாங்குவது உங்கள் விருப்பம், கட்டாயம் கிடையாது. மேலே போக ஷட்டில் பஸ் இருக்கிறது. அதில் ஏறும் வரை யாருக்கும் பதில் சொல்லாமல் நடந்துவிடுங்கள்.

அடுத்தது பரத்பூர். அங்கே இறங்குவதா வேண்டாமா என்பதில்தான் குடும்பத்துக்குள் சண்டை வரும். கேவலாதேவ் பறவைகள் சரணாலயம் 29 சதுர கிலோமீட்டர்தான், வேடந்தாங்கலைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய ஏரிக்காடு போல இருக்கும். ஒரு காலத்தில் ராஜாக்களின் வாத்து வேட்டைக் களம். யார் எந்த நாளில் எத்தனை பறவை சுட்டார்கள் என்று கல்வெட்டாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோவின் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டது. அந்தக் கல்லுக்கு முன்னால் என் மகள் இரண்டு தடவை எண்ணைப் படித்துவிட்டு, "இதைப் பெருமையா எழுதி வச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். இங்கே வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்குகளைக் கடைசியாகப் பார்த்தது 2002-இல்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் பரத்பூரில் மூன்று மணி நேரம் செலவழிக்கலாம். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்களே பறவைகளின் பெயர் சொல்லிக் காட்டுவார்கள், தனி கைடு தேவையில்லை. மே மாதம் போகிறீர்கள் என்றால் காரை விட்டு இறங்கவே வேண்டாம். வெயில் கொளுத்தும், பார்க்கவும் பெரிதாக எதுவும் இருக்காது.

அதற்கப்புறம் ஆபாநேரி. எனக்கு இந்தச் சாலை முழுவதிலும் இதுதான் உச்சம். நெடுஞ்சாலையில் சிக்கந்தரா என்ற ஊரில் பிரிந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். ஆக்ராவுக்குப் பக்கத்தில் அக்பர் சமாதி இருக்கும் சிக்கந்தரா வேறு, தௌசா மாவட்டத்துச் சிக்கந்தரா வேறு. மேப்பில் பெயரை மட்டும் அடித்துவிட்டு நாங்கள் ஆக்ராவுக்குள்ளேயே இருபது நிமிடம் தப்பான திசையில் போனோம். ராஜஸ்தான் சிக்கந்தரா கல் சிற்பத்துக்குப் பேர்போனது. சாலையின் இரண்டு பக்கமும் மணற்கல்லில் செதுக்கிய யானை, தூண், ஜாலி, நீரூற்று என்று குவித்து வைத்திருப்பார்கள். உளிச் சத்தம் காருக்குள்ளேயே கேட்கும். கல் தூசிக்கு ஜன்னலை ஏற்றிவிடுங்கள்.

ஆபாநேரியில் இருப்பது சாந்த் பாவ்ரி, ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டிய படிக்கிணறு. 3,500 படிகள், 13 அடுக்கு. மூன்று பக்கச் சுவரும் முக்கோண முக்கோணமாகப் படிகளாலேயே ஆனது, நாலாவது பக்கம் மட்டும் மண்டபம். மேலிருந்து பார்த்தால் கோலம் போட்டது போல இருக்கும். புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடத் தெரிந்தவர்கள் அந்தக் கோடுகளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். கீழே இறங்க விடுவதில்லை, கம்பித் தடுப்புக்கு வெளியே நின்று பார்க்கலாம். பக்கத்திலேயே ஹர்ஷத் மாதா கோயில், பாதி இடிந்தது. சரிந்த சிற்பத் துண்டுகளை அப்படியே அடுக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் போதும்.

பஸ்ஸிலோ ரயிலிலோ போனால் இது முழுவதும் ஜன்னலுக்கு வெளியே எங்கோ போய்விடும். டாக்ஸி பேசும்போது "சிக்ரி, ஆபாநேரி, இரண்டு நிறுத்தம்" என்று சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கு ஆக்ராவில் பேடை பூரியும் ஜிலேபியும் சாப்பிட்டுவிட்டு ஏறினால் சாயங்காலம் ஆறு மணிக்குள் ஜெய்ப்பூர். பரத்பூரையும் சேர்ப்பதாக இருந்தால் அங்கே ஒரு இரவு தங்கிவிடுங்கள். மூன்றையும் ஒரே பகலில் முடிக்கப் பார்த்தால் ஆபாநேரிக்குப் போகும்போது இருட்டியிருக்கும். எங்களுக்கு அதுதான் முதல் தடவை நடந்தது.

ஆக்ராப் பக்கமிருந்து ஜெய்ப்பூருக்குள் நுழைவதும் அழகு. காட் கி கூணி என்ற மலையிடுக்கில் இரண்டு பக்கமும் பழைய தோட்டங்களும் மண்டபங்களும் இருக்கும், சிசோதியா ராணியின் தோட்டமும் அங்கேதான். இப்போது சுரங்கப் பாதை இருப்பதால் வண்டிகள் அதில் புகுந்து ஊருக்குள் போய்விடுகின்றன. டிரைவரிடம் சொன்னால் பழைய வழியில் மெதுவாகக் கூட்டிப் போவார்.

ஜெய்ப்பூரிலிருந்து டெல்லி

இங்கே பழசு, புதுசு என்று இரண்டு சாலை. பழையது 48-ஆம் எண் நெடுஞ்சாலை. ஆமேர், கோட்புத்லி, பெஹ்ரோர், மானேசர், குருகிராம் வழி. தொழிற்பேட்டைகளும் லாரிகளும் நிறைந்த சாலை. ஐந்து மணி நேரம் என்று சொல்வார்கள், குருகிராமில் மாலை நேரத்தில் மாட்டினால் ஏழு ஆகும்.

புதியது டெல்லி–மும்பை எக்ஸ்பிரஸ்வே. சோஹ்னாவிலிருந்து தௌசா வரையான பகுதி 2023 பிப்ரவரியில் திறந்தது. 120 கி.மீ. வரை போகலாம். பைக், ஆட்டோ, டிராக்டர் எதற்கும் அனுமதி இல்லை, அதனால் எதிர்த் திசையில் யாரும் வர மாட்டார்கள் என்ற நிம்மதி இருக்கிறது. புல்லட் வாடகைக்கு எடுத்துச் சுற்ற நினைக்கிறவர்கள் பழைய ரோட்டில்தான் போக வேண்டும். தௌசாவில் ஏற ஜெய்ப்பூரிலிருந்து முதலில் ஆக்ரா ரோட்டிலேயே 60 கி.மீ. போலத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. அதைத் தவிர்க்க பாந்திகுயியிலிருந்து ஜெய்ப்பூருக்கு 67 கி.மீ. இணைப்புச் சாலை போட்டிருக்கிறார்கள். தூரம் கொஞ்சம் கூடினாலும் நேரம் குறைகிறது, வண்டியும் குலுங்குவதில்லை.

அப்படியானால் புதியதுதானே? காரில் போனால் பெரும்பாலும் ஆமாம். ஒரே ஒரு காரணத்துக்காகப் பழையதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆமேர் கோட்டை ஜெய்ப்பூருக்கு வடக்கே 11 கிலோமீட்டரில், பழைய டெல்லி ரோட்டின் மேலேயே இருக்கிறது. கடைசி நாள் அறையைக் காலி செய்து, பெட்டிகளை டிக்கியில் போட்டு, காலை எட்டு மணிக்கு ஆமேர் பார்த்துவிட்டு அப்படியே டெல்லிக்குப் போய்விடலாம். புதிய சாலை ஊரின் எதிர்ப் பக்கத்தில் கிளம்புவதால் இது நடக்காது. நடுவழியில் நீம்ரானாவில் பதினைந்தாம் நூற்றாண்டுக் கோட்டை ஓட்டலாக இருக்கிறது. ஒரு இரவு தங்கப் பணம் உள்ளவர்களுக்கு அது இன்னொரு காரணம்.

என் இரண்டாவது பயணத்தில் இந்தப் பக்கத்துக்கு வால்வோ பஸ்ஸில் வந்தோம். ஒரு தொல்லையும் இல்லை. மூன்று பேரும் தூங்கிவிட்டோம். இதைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை, அதுவே நல்லதுதானே.

ஐந்து நாளும் ஒரே கார் யாருக்கு?

இவ்வளவு சொன்ன பிறகும், அப்பா அம்மாவை மறுபடி அழைத்துப் போவதென்றால் டெல்லியிலிருந்தே கார்தான் எடுப்பேன். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களைப் பெட்டியோடு நிஜாமுதீன் பிளாட்பாரத்தில் ஏற்றி இறக்குவதற்கு 4,550 ரூபாய் கொடுத்துத் தப்பிப்பது லாபம். மாத்திரைப் பை, வென்னீர் பிளாஸ்க், முழங்கால் பெல்ட் எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கும். பாத்ரூம் என்றால் அடுத்த பெட்ரோல் பங்க்கில் நிறுத்தலாம். ஐந்தாறு பேர் என்றால் எர்டிகா, அதற்கு மேல் டெம்போ டிராவலர். தலைக்கு வகுத்துப் பார்த்தால் ரயில் கட்டணத்துக்குக் கிட்டத்தில் வந்துவிடும். இரண்டு, மூன்று பேருக்குத்தான் முழுக்க ஒரே கார் கட்டுப்படியாகாது.

மஞ்சள் போர்டு வண்டியா என்று பாருங்கள். கொஞ்சம் மலிவு என்று ஒயிட் போர்டு வண்டியில் ஏறினால், மாநில எல்லையில் பிடித்தாலும் விபத்து நடந்தாலும் இன்ஷூரன்ஸ் கைவிட்டுவிடும். ஐந்து நாளும் ஒரே டிரைவர் என்றால் இன்னொன்றும் கூடவே வரும். ஆக்ராவில் பளிங்குப் பட்டறை, ஜெய்ப்பூரில் ரத்தினக் கல் கடை, துணி அச்சடிக்கும் இடம். "சும்மா பார்க்கத்தான் சார்" என்பார். வாங்கினால் அவருக்குக் கமிஷன். எங்கள் முதல் பயணத்தில் அப்படி ஒரு கடையில் ஒன்றரை மணி நேரம் போயிற்று. டீ கொடுத்து உட்காரவைத்துவிட்டார்கள், எழுந்து வர அம்மாவுக்குக் கூச்சம். கடைசியில் ஒரு பளிங்கு ஆமையோடு வெளியே வந்தோம். முதல் நாள் காலையிலேயே "கடை எதுவும் வேண்டாம், பேட்டாவுக்கு மேல் நானே தனியாகத் தருகிறேன்" என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை தீரும்.

நீங்களே ஓட்டுவதா? சொந்த வண்டியில் போகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய டீசல் வண்டியாக இருந்தால் குளிர்காலத்தில் டெல்லிக்குள் கொண்டுபோகாதீர்கள், காற்று மாசு மோசமாகும் நாட்களில் நிறுத்திவிடுவார்கள். இரவில் ஓட்ட வேண்டாம் என்பதை எந்தச் சாலைக்கும் சொல்வேன். பின்விளக்கு இல்லாமல் வைக்கோல் பொதி பிதுங்கப் போகும் டிராக்டரும், திடீரென்று குறுக்கே வரும் நீலான் என்னும் பெரிய மான்களும் பத்து மீட்டருக்குள் வந்த பிறகுதான் கண்ணில் படும்.

பனிமூட்டம் தனிக் கதை. டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முழுக்கக் காலையில் எதிரே நிற்கும் வண்டி தெரியாது. யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் அந்தச் சமயத்தில் வேக வரம்பை 100-இலிருந்து 75 அளவுக்குக் குறைத்துவிடுகிறார்கள். அப்படியும் ஒன்றன் பின் ஒன்றாக வண்டிகள் மோதிக்கொள்ளும் விபத்துகள் நடக்கின்றன. நாங்கள் முதல் தடவை ஜனவரியில்தான் போனோம். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் ஊர்ந்தோம். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. அம்மா வழி முழுக்கக் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த மாதங்களில் பத்து மணிக்கு முன் எந்தச் சாலையிலும் ஏறாதீர்கள். பனியில் ரயிலும் தாமதமாகும்தான், ஆனால் காத்திருப்பது ஸ்டேஷனில்.

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் டெல்லிக்கு முன்னாலேயே ஆக்ரா கன்டோன்மென்ட்டில் நிற்கிறது. டெல்லி வரை போய்விட்டு ஆக்ராவுக்குத் திரும்பி வருவது எதற்கு? ஆக்ராவிலேயே இறங்கி, மறுநாள் காரில் ஜெய்ப்பூர், அங்கிருந்து பஸ்ஸில் டெல்லி, ஊருக்கு டெல்லியில் ரயிலேறுவது. முக்கோணத்தில் ஒரு பக்கமே மிச்சம். எங்கள் இரண்டாவது பயணம் இப்படித்தான்.

கிழமையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை தாஜ்மஹால் கிடையாது, கதிமானும் அன்று ஓடாது. டெல்லி செங்கோட்டைக்குத் திங்கள் விடுமுறை. நான் சென்னையில் புதன்கிழமை இரவு ஏறுவதாக டிக்கெட் போட்டிருந்தேன். இரண்டு ராத்திரி ரயில், ஆக்ராவில் விடிவதற்கு முன் இறங்குவோம், நேராகப் போய்ச் சூரிய உதயத்தில் தாஜ் பார்க்கலாம் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்பா, அது வெள்ளிக்கிழமை" என்றாள். கேன்சல் செய்ததில் கொஞ்சம் பணம் போயிற்று. வியாழக்கிழமை ரயிலில் மூன்று பேருக்கும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கை கிடைக்கவில்லை.